ரஷ்யமும் செர்பியமும்: பக்கத்தில் வைத்துப் படிக்கத் தொடங்குவோருக்கு

ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு செர்பியாவில் வேலை தேடுகிறவர், பெல்கிரேடில் வேலைக்குப் போய் அங்கே 2022க்குப் பிறகு வந்து தங்கியிருக்கும் ரஷ்யர்களோடும் பேச வேண்டியிருப்பவர், சும்மா மொழி ஆசையில் இரண்டையும் தொட்டுப் பார்க்கிறவர். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: ஒன்று தெரிந்தால் மற்றது புரியுமா?

கடைப் பலகையும் உணவகப் பட்டியலும் பாதி புரியும். பேச்சு காதில் விழுந்தால் அநேகமாகப் புரியாது. இரண்டும் ஸ்லாவிய மொழிகள்தான். ஆனால் ரஷ்யம் கிழக்குக் கிளை, உக்ரேனியமும் பெலாரூசியமும் அதன் உடன்பிறப்புகள். செர்பியம் தெற்குக் கிளை. குரோவாசியம், ஸ்லோவேனியம், மாசிடோனியம், பல்கேரியம் எல்லாம் அந்தப் பக்கம். வேர்ச்சொற்கள் பொது, ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தனித்தனியாக நடந்துவந்த பாதை.

நல்ல செய்தி என்னவென்றால், அந்தப் பாதைகள் கன்னாபின்னாவென்று விலகவில்லை. பெரும்பாலும் ஒழுங்காக, ஒரு கணக்கோடு விலகியிருக்கின்றன. நம்முடைய பால் கன்னடத்தில் ஹாலு, பூ ஹூவு, பள்ளி ஹள்ளி என்று பகரம் ஹகரமாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கு பிடிபட்டால் கன்னடச் சொல் ஒன்று புதிதாக வந்தாலும் ஊகிக்கலாம். இங்கேயும் அப்படித்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் சொற்பட்டியலைவிட ஒலிமாற்றக் கணக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கீழே ரஷ்ய, செர்பியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பது தோராயமே. வல்லினத்தின் இரண்டு ஒலிகளும் நமக்கு ஒரே எழுத்து. சொல்லின் கடைசி உயிரை நெடிலாக எழுதியிருந்தாலும் அதை நீட்டக் கூடாது. ஒவ்வொரு சொல்லையும் ஒலி உள்ள அகராதியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

முதல் படி: எதை முன்னால் வைப்பது?

இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். தொடங்கினால் இரண்டும் கலந்து, எந்த நாட்டவருக்கும் புரியாத மூன்றாவது மொழி ஒன்று வாயில் வரும். வேலையோ படிப்போ எந்த நாட்டில் என்று முடிவாகியிருந்தால் அந்த மொழியே முதல். வேறு கட்டாயம் எதுவும் இல்லையென்றால் செர்பியத்தை முதலில் எடுங்கள் என்பேன். படிக்க எளிது, எழுத எளிது, உச்சரிப்பில் ஏமாற்று வேலை குறைவு. ரஷ்யத்துக்குப் பாடநூல்களும் காணொளிகளும் பல மடங்கு அதிகம், ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் அதுவும் ஒன்று. இந்த வாதத்துக்கும் எடை உண்டு. ஆனால் முதல் மாதத்திலேயே உற்சாகம் வடிந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் மொழியில் கடையில் பேரம் பேசும் அளவுக்கு வந்த பிறகு இரண்டாவதைத் தொடுங்கள்.

இரண்டாம் படி: எழுத்து

இரண்டு மொழிகளும் சிரிலிக் என்னும் எழுத்துமுறையில் எழுதப்படுகின்றன. ரஷ்ய சிரிலிக்கில் 33 எழுத்துகள், செர்பிய சிரிலிக்கில் 30. இவற்றில் 24 எழுத்துகள் பொது. ரஷ்யத்தில் இருந்து செர்பியத்தில் இல்லாதவை ஒன்பது: யா, யு, யோ, சிறிய இகரம், அகன்ற எகரம், அழுத்தமான ஷ்ச, 'இ'க்கும் 'உ'வுக்கும் நடுவில் ஒலிக்கும் உயிர், அப்புறம் தனக்கென்று ஒலியே இல்லாத மென்குறி, வன்குறி இரண்டும். செர்பியத்துக்கே உரியவை ஆறு: யகர மெய், மென்மையான ல்ய, ஞ, இரண்டாவது சகரம் ஒன்று, ஜகரம் இரண்டு.

பலகை படிக்கும்போது ஆங்கிலக் கண்ணைக் கழற்றி வைக்க வேண்டும். இரண்டு வயிறு உள்ள ஆங்கில 'பி' போலத் தெரிவது வகரம். ஒரு வயிறு உள்ள 'பி' ரகரம். 'ஹெச்' போலத் தெரிவது நகரம், 'சி' போலத் தெரிவது ஸகரம். 'ரெஸ்தோரான்' என்ற பலகையை ஆங்கிலமாகப் படித்து 'பெக்டோபா' என்று சொல்வது ஊர் ஊராகச் சுற்றும் பழைய வேடிக்கை.

செர்பியாவில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. அங்கே சிரிலிக்கும் லத்தீனும் அக்கம்பக்கமாகப் புழங்குகின்றன. 2006ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி அலுவல் எழுத்து சிரிலிக். ஆனால் தெருவில், கடையில், கைப்பேசிச் செய்தியில் லத்தீன் எழுத்தே எங்கும் இருக்கும். ஒரே கடையின் பெயர்ப் பலகை ஒரு எழுத்தில், விலைச்சீட்டு இன்னொன்றில். லத்தீனில் எழுதியிருந்தால் 'சி' என்பது த்ஸ, 'ஜே' என்பது ய. சிரிலிக்கில் அதே 'சி' வடிவம் ஸகரம். எனவே ஒரு சொல்லைப் படிக்குமுன் இது எந்த எழுத்து என்று கண் முதலில் முடிவு செய்ய வேண்டும். செர்பியத்துக்கு மட்டுமே உரிய எழுத்தோ, கொக்கி வைத்த லத்தீன் எழுத்தோ கண்ணில் பட்டால் முடிவு எளிது. இரண்டு எழுத்துமுறைகளையும் முதல் வாரத்திலேயே கற்றுவிடுங்கள். லத்தீன் மட்டும் போதும் என்று விட்டவர்கள் அரசு அலுவலகப் படிவத்தின் முன் திணறுவார்கள்.

இரு எழுத்துமுறைகளும் இவ்வளவு வேறுபட்டுப் போனதன் கதை கொஞ்சம் சுவையானது. 1708இல் பீட்டர் பேரரசர் பழைய தேவாலய எழுத்தைச் செதுக்கி ரஷ்யாவுக்குப் புதிய அச்செழுத்து தந்தார். 1726இல் ரஷ்ய ஆசிரியர் மக்ஸிம் சுவோரவ், இன்றைய நோவி ஸாத் நகருக்கு அருகிலுள்ள கார்லோவ்த்ஸிக்கு வந்து செர்பியப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். அவரோடு ரஷ்யப் பாணித் தேவாலய மொழியும் வந்து சேர்ந்தது. அடுத்த நூறு ஆண்டு செர்பியப் படித்தவர்கள் எழுதியது வீட்டில் பேசிய மொழியே இல்லை. ரஷ்யமும் தேவாலய ஸ்லாவியமும் செர்பியமும் கலந்த ஒரு எழுத்து நடை. அதை உடைத்தவர் வூக் கராஜிச். 1818இல் வியன்னாவில் வெளியான அவருடைய அகராதியில் 26,000க்கும் அதிகமான சொற்கள், எல்லாம் ஊர்ப்பேச்சு. பேசுவது போல எழுது, எழுதியிருப்பது போலப் படி என்பது அவர் விதி. ஒலி இல்லாத எழுத்துகளை வெட்டி எறிந்தார். யகரத்துக்கு லத்தீன் எழுத்தை எடுத்துப் போட்டதும் தேவாலயத்தார் கொதித்தார்கள். செர்பிய அரசு அவருடைய எழுத்தை முழுமையாக ஏற்றது 1868இல்தான்; அதற்குள் அவர் காலமாகிவிட்டார். ரஷ்யா தன் பங்குக்கு 1918இல் சில எழுத்துகளை நீக்கியது. ஆனால் ஒலிப்படி எழுதும் துணிவுக்கு அது போகவில்லை.

இதன் பலன் உங்களுக்குத்தான். செர்பியத்தில் எழுத்துக்கூட்டல் பாடம் என்று ஒன்று தேவையே இல்லை. நியூயார்க் நகரைக்கூட அவர்கள் 'ஞுயோர்க்' என்று காதில் விழுந்தபடி எழுதுவார்கள், ஞகரத்துக்கு நம்மைப் போலவே தனி எழுத்து வைத்திருப்பதால்.

மூன்றாம் படி: காதைப் பழக்குதல்

ரஷ்யத்தில் எல்லாமே அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் விழாத 'ஓ' அகரமாகத் தேய்ந்துவிடும். பாலுக்கு எழுதுவது 'மோலோகோ', சொல்வது 'மலகோ'. அழுத்தம் எந்த அசையில் என்று எழுத்து காட்டாது. பொருளே மாறினாலும் காட்டாது. 'ஸமக்' என்று முன்னால் அழுத்தினால் கோட்டை, 'ஸமோக்' என்று பின்னால் அழுத்தினால் பூட்டு. புதிய ரஷ்யச் சொல்லை ஏட்டில் எழுதும்போது அழுத்தக் குறி இல்லாமல் எழுதாதீர்கள். பிறகு குறிக்கலாம் என்று விட்டால் அது நடக்காது.

செர்பியத்தில் உயிர்கள் ஐந்தே, எதுவும் தேயாது. மாறாக அங்கே நம் காதுக்குப் பழகிய ஒன்று இருக்கிறது: குறில், நெடில். 'பஸ்' என்று குறிலாகச் சொன்னால் நாய், 'பாஸ்' என்று நீட்டினால் இடுப்புக் கச்சை. 'லுக்' வெங்காயம், 'லூக்' வில். 'க்ரத்' ஆலங்கட்டி மழை, 'க்ராத்' நகரம். எழுத்தில் இந்த நீளத்தைக் காட்ட மாட்டார்கள் என்பது ஒன்றுதான் குறை. இதோடு ஏறுசுரம், இறங்குசுரம் என்று நான்கு வகை அழுத்தங்களைப் பாடநூல் விவரிக்கும். தொடக்கத்தில் அதைத் தாண்டிப் போங்கள், ஒன்றும் குடிமுழுகாது. ஒரே ஒரு விதியை மட்டும் கையில் வையுங்கள்: தர செர்பியத்தில் பல அசைச் சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் விழாது. ரஷ்யம் படித்துவிட்டு வருகிறவர்களை உடனே காட்டிக்கொடுப்பது இதுதான். தலைக்கு 'கலவா' என்று கடைசியில் அழுத்திப் பழகிய வாய், 'க்லாவா' என்ற செர்பியச் சொல்லையும் கடைசியில் அழுத்தும்.

ரஷ்யத்தில் நம்மவர்களை மிரட்டுவது அந்த நடு உயிர். 'பாட்டு', 'காற்று' என்று சொல்லும்போது கடைசி உகரத்தை உதடு குவிக்காமல் விடுகிறோம் அல்லவா, நம் குற்றியலுகரம், அதற்கு மிக அருகில் இருக்கும் ஒலி அது. நாக்கைச் சற்று முன்னால் தள்ளினால் போதும். வேறு பல மொழிக்காரர்கள் இதற்குப் படும் பாடு நமக்கு இல்லை. செர்பியத்தில் இந்த ஒலி கிடையாது.

செர்பியத்தின் இரண்டு சகரமும் இரண்டு ஜகரமும் தொல்லை தரும். ஒன்று நாக்கு நுனியைத் தூக்கிச் சொல்லும் கனமான ச, மற்றது நாக்கின் நடுப்பகுதியை அண்ணத்தில் ஒட்டிச் சொல்லும் மெல்லிய ச. குடும்பப் பெயர்களின் கடைசியில் வரும் 'இச்' மெல்லியது. தொடக்கத்தில் கலந்து சொன்னாலும் ஆட்கள் புரிந்துகொள்வார்கள்.

நான்காம் படி: ஒலிமாற்றக் கணக்கு

இங்கே நேரம் செலவழியுங்கள். ஆறு கணக்குகள் போதும். ஒவ்வொன்றிலும் முதலில் ரஷ்யம், அடுத்து செர்பியம்.

ரஷ்யத்தில் ர, ல இரண்டின் இருபக்கமும் உயிர் நிற்கும். செர்பியத்தில் முன்னால் இருக்கும் உயிர் காணாமல் போகும். கோரத், க்ராத்: நகரம். மலகோ, ம்லேகோ: பால். கலவா, க்லாவா: தலை. ஸோலத, ஸ்லாதோ: தங்கம். வரோன, வ்ரனா: காகம்.

ரஷ்யத்தின் 'யா', செர்பியத்தில் எகரம். ப்யாத், பேத்: ஐந்து. மியாஸ, மேஸோ: இறைச்சி. இம்யா, இமே: பெயர். வ்ரேம்யா, வ்ரேமே: காலம். செர்பியத்தில் வ்ரேமே வானிலைக்கும் ஆகும்.

ரஷ்யத்தின் நடு உயிர், செர்பியத்தில் வெறும் இகரம். மீன் இரண்டிலும் 'ரிபா' போலத்தான், உயிர் மட்டும் வேறு. மகன், நீ, நாம் ஆகியவற்றுக்கான சொற்களும் இதே வழி.

ரஷ்யத்தில் சில எகர, ஓகரங்கள் செர்பியத்தில் அகரமாகும். த்யேன், தான்: நாள். ஸோன், ஸன்: தூக்கம். அத்யேத்ஸ், ஒதத்ஸ்: தந்தை. 'நல்ல நாள்' என்னும் வணக்கத்தைப் பாருங்கள்: ரஷ்யத்தில் 'தோப்ரி த்யேன்', செர்பியத்தில் 'தோபர் தான்'.

ரஷ்யச் சொல்லின் இறுதி லகரம் செர்பியத்தில் ஓகாரமாகக் கரையும். மெய்களுக்கு நடுவில் இருந்த லகரம் உகரமாகும். பில், பியோ: இருந்தான். ஸ்தோல், ஸ்தோ: மேசை. ஸோல், ஸோ: உப்பு. வோல்க், வூக்: ஓநாய். மேலே சொன்ன அகராதிக்காரரின் பெயர் ஓநாய்தான்.

கடைசியாக, செர்பியத்தில் ரகர மெய் தானே உயிர் போல நின்று அசையாகும். ஸெர்த்ஸ, ஸ்ர்த்ஸே: இதயம். ச்சோர்னி, த்ஸ்ர்ன்: கறுப்பு. நகரச் சதுக்கம் 'த்ர்க்'. செர்பியர்கள் தங்கள் நாட்டைச் சொல்வதே 'ஸ்ர்பியா' என்றுதான். நடுவில் உயிரைத் தேடாதீர்கள், ரகரத்தை உருட்டினால் வந்துவிடும்.

கணக்கு பிடித்ததா என்று பார்க்க ஒரு சோதனை. உக்ரைன் எல்லையருகே பெல்கரத் என்று ஒரு ரஷ்ய நகரம் இருக்கிறது. செர்பியத் தலைநகரின் உள்ளூர்ப் பெயர் பெயோக்ராத். முதல் கணக்கையும் ஐந்தாவதையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒரே பெயர் என்று தெரியும்: வெண்ணகர்.

இனி, ரஷ்யம் முதலில் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. ரஷ்யத்தின் தேவாலய மொழி தெற்கு ஸ்லாவியத்திலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்கி வட்டாரப் பேச்சை அடிப்படையாக வைத்து உருவானது. அதனால் ரஷ்யத்தில் பல சொற்களுக்கு இரண்டு உரு: வீட்டு உரு ஒன்று, ஏட்டு உரு ஒன்று. 'கலவா' தலை, 'க்லவா' நூலின் அத்தியாயம். வோல்ககிராத் போன்ற ஊர்ப் பெயர்களில் இருப்பதும் ஏட்டு உருவே. ரஷ்ய வணக்கமான 'ஸ்த்ராஸ்த்வுய்த்யெ'க்குள் ஒளிந்திருப்பது செர்பிய வணக்கம் 'ஸ்த்ராவோ'. கண், வாய், விரல், நெற்றி ஆகியவற்றுக்கு செர்பியர்கள் சமையலறையில் சொல்லும் 'ஒகோ', 'ஊஸ்தா', 'ப்ர்ஸ்த்', 'ச்சேலோ' எல்லாம் ரஷ்யருக்குச் செய்யுள் வழக்கு. ஆகவே செர்பியச் சொல் பிடிபடவில்லையென்றால் அன்றாட ரஷ்யத்தில் தேடாமல், பழைய ரஷ்யக் கவிதையில் எங்காவது பார்த்தோமா என்று யோசியுங்கள்.

கணக்குக்கு அடங்காத சொற்களும் ஏராளம். செர்பியத்தில் துருக்கிச் சொற்கள் வீடு முழுக்க இருக்கும்: கரண்டி 'கஷிகா', தலையணை 'யஸ்துக்', அண்டைவீட்டார் 'கோம்ஷியா', காலுறை 'ச்சராபா'. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. சர்க்கரை மட்டும் நமக்குப் பழக்கம்: ரஷ்யத்தில் 'ஸாகர்', செர்பியத்தில் 'ஷெச்செர்', இரண்டும் நம் சர்க்கரையோடு ஒரே வேர்.

ஐந்தாம் படி: பொறிச்சொற்கள்

ஒலி ஒன்று, பொருள் வேறு. முதலில் தெருவுக்குத் தேவையானது: செர்பியத்தில் 'ப்ராவோ' என்றால் நேரே. ரஷ்யத்தில் 'நப்ராவ' என்றால் வலது பக்கம். ரஷ்யம் தெரிந்த ஒருவர் பெல்கிரேடில் டாக்சி ஓட்டுநரிடம் வலதுபுறம் திரும்பச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பார், வண்டி நேரே போய்க்கொண்டிருக்கும். செர்பியத்தில் வலது 'தெஸ்னோ'.

நாள் குறிக்கும்போது: செர்பிய 'ஸுத்ரா' நாளை, ரஷ்ய 'ஸுத்ரா' காலையிலிருந்து. ரஷ்ய 'நிதேல்யா' ஒரு வாரம். செர்பிய 'நெதெல்யா' ஞாயிற்றுக்கிழமை, சில நேரம் வாரமும்கூட. எந்த நாள் என்று தேதியைக் கேட்டு உறுதிப்படுத்துவதே நல்லது. மணி சொல்வதில் இரண்டும் ஒரே கட்சி, நாம்தான் எதிர்க்கட்சி. ஏழரை மணியை இருவரும் 'எட்டில் பாதி' என்பார்கள். செர்பியத்தில் 'போலா ஓஸம்', ரஷ்யத்தில் 'பொல்வஸ்மோவ'. எட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எட்டரைக்குப் போய் நிற்காதீர்கள்.

மருத்துவம் படித்தவர்கள் கவனிக்க: ரஷ்ய 'வ்ராச்' மருத்துவர், செர்பிய 'வ்ராச்' மந்திரவாதி. நேர்காணலில் இப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். 'லேகர்' என்று சொல்லுங்கள். ரஷ்ய 'ஷிவோத்' வயிறு, செர்பிய 'ஷிவோத்' வாழ்க்கை. ரஷ்ய 'பனோஸ்' வயிற்றுப்போக்கு, செர்பிய 'போனோஸ்' பெருமிதம். மருத்துவமனை மட்டும் இரண்டிலும் 'பொல்னித்ஸா' போலவே. செர்பியாவில் ஆம்புலன்ஸுக்கு 'ஹித்னா போமோச்', எண் 194.

வேலை தேடுகிறவர்களுக்கு இரண்டு. செர்பியர் உங்களை 'வ்ரேதன்' என்றால் உழைப்பாளி என்று பாராட்டுகிறார். ரஷ்ய 'வ்ரேத்னி' தீங்கானவர். 'இஸ்குஸ்த்வோ' எவ்வளவு என்று கேட்டால் அனுபவத்தைக் கேட்கிறார். ரஷ்யத்தில் அது கலை. பெல்கிரேடில் 'பொஸோரிஷ்தே' என்று பலகை இருந்தால் அது நாடக அரங்கு, ரஷ்யர் அதைப் படித்து 'மகா அவமானம்' என்று புரிந்துகொண்டு சிரிப்பார். ரஷ்யரின் 'மாய்க' பனியன், செர்பியரின் 'மாய்கா' அம்மா. ரஷ்ய 'ஸ்தலீத்ஸ' தலைநகரம், செர்பிய 'ஸ்தோலித்ஸா' நாற்காலி.

இதற்கென்று ஏட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, மாட்டும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

ஆறாம் படி: இலக்கணத்தில் எது மாறுகிறது

ஆச்சரியமான விஷயம், தமிழ் பல இடங்களில் ரஷ்யத்தோடு கூட்டு சேர்கிறது. 'நான் மாணவன்' என்பதில் நமக்கு வினை தேவையில்லை, ரஷ்யருக்கும் தேவையில்லை. செர்பியத்தில் கட்டாயம் வேண்டும். 'மருந்துக் கடை எங்கே?' ரஷ்யத்தில் 'க்த்யே அப்தேக?', செர்பியத்தில் 'க்தே யே அபோதேகா?'. 'நான் இந்தியாவிலிருந்து': ரஷ்யத்தில் 'யா இஸ் இந்தீஇ', செர்பியத்தில் 'யா ஸம் இஸ் இந்தியே'. 'என்னிடம் டிக்கெட் இருக்கிறது' என்று நாம் சொல்வது போலவே ரஷ்யர் 'உ மினியா யெஸ்த் பிலியேத்' என்பார். செர்பியருக்கு உடைமை வினை உண்டு: 'இமாம் கார்து', முடிந்தது.

அந்த 'ஸம்', 'யே' போன்ற குட்டிச் சொற்கள்தான் செர்பியத்தில் உண்மையான தலைவலி. அவை தனியே நிற்காது, வாக்கியத்தைத் தொடங்காது. முதல் சொல்லுக்கோ முதல் தொடருக்கோ அடுத்து வந்து ஒட்டிக்கொள்ளும். 'மிலனைப் பார்த்தேன்' என்பது 'விதேஓ ஸம் மிலனா'. 'நேற்று' என்று தொடங்கினால் 'யூச்செ ஸம் விதேஓ மிலனா', குட்டிச் சொல் முன்னால் ஓடி வந்துவிடுகிறது. ரஷ்யர் 'யா வீதெல் மிலான' என்று நிம்மதியாகச் சொல்லிவிடுவார். நம்முடைய ஆ, ஏ, ஓ இடைச்சொற்கள் தனியே நிற்காமல் முன்சொல்லைப் பிடித்துத் தொங்குவதை நினைத்துக்கொண்டால் பழக்கம் வரும். குட்டிச் சொற்கள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அவற்றுக்குள் ஒரு வரிசையும் உண்டு. அதை விதியாகப் படிப்பதைவிடப் பத்து வாக்கியங்களை அப்படியே வாயில் ஏற்றுங்கள்.

'வாங்க விரும்புகிறேன்' என்பதற்கு ரஷ்யம் வினையெச்சம் போன்ற உருவைப் பயன்படுத்தும்: 'ஹச்சூ குபீத் பிலியேத்'. செர்பியம் 'தா' போட்டு வினையை மீண்டும் திருப்பும்: 'ஹோச்சு தா கூபிம் கார்து'. பால்கன் மொழிகளின் அடையாளம் இது. ரஷ்யம் படித்தவர் இங்கே எச்ச உருவைச் சொன்னாலும் புரியும், ஆனால் செர்பியாவில் காதுக்கு இயல்பாக இருக்காது.

வேற்றுமை ரஷ்யத்தில் ஆறு, செர்பியத்தில் ஏழு. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். செர்பியத்தில் கு வேற்றுமையும் இட வேற்றுமையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன, பன்மையில் மூன்று வேற்றுமைக்கு ஒரே உருபு. ரஷ்யப் பன்மை மூன்றுக்கும் தனித்தனி உருபு வைத்திருக்கிறது. எட்டு வேற்றுமை படித்த நமக்கு எண்ணிக்கை பிரச்சினையில்லை. உருபு பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதும், பெயரடையும் கூடவே மாறுவதும்தான் பிரச்சினை. 'நல்ல வீட்டில்', 'நல்ல வீட்டுக்கு' என்று நாம் 'நல்ல'வைத் தொடாமல் விடுவது இரண்டு மொழியிலும் செல்லாது.

ஏழாவது எது? நம் விளி வேற்றுமை. கண்ணன் கண்ணா ஆவது போல மிலன் 'மிலனே' ஆவான், பிராத் என்ற சகோதரன் 'பிரதே' ஆவான். ரஷ்யத்தில் இது 'கடவுளே' போன்ற ஒன்றிரண்டில் மட்டும் எஞ்சியிருக்கிறது. பேச்சில் மட்டும் அம்மாவை 'மாம்', சாஷாவை 'சாஷ்' என்று கடைசி உயிரை வெட்டிக் கூப்பிடுவார்கள்.

வினையில் நடந்துகொண்டிருந்தது, நடந்து முடிந்தது என்று இரண்டு இணைகள் இருப்பது இரண்டுக்கும் பொது. ரஷ்யத்தில் 'ச்சிதால்', 'ப்ரச்சிதால்'. செர்பியத்தில் 'ச்சிதாஓ', 'ப்ரொச்சிதாஓ'. படித்தேன், படித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தொடங்கலாம். முழுக்கப் பொருந்தாது, தொடங்கப் போதும். எண்ணுப்பெயர்களில் இரண்டு, மூன்று, நான்குக்கு ஒரு உரு, ஐந்துக்கு மேல் இன்னொன்று என்ற விதியும் பொது. நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் ரஷ்யம் மட்டும் 'ஸோரக்', 'திவினோஸ்த' என்று வழிதவறிப் போகும்.

ஏழாம் படி: ஆளைக் கூப்பிடுவது

நீ, நீங்கள் வேறுபாடு இரண்டிலும் நம்மைப் போலத்தான், பன்மையே மரியாதை. ரஷ்யாவில் பேராசிரியரையோ மேலதிகாரியையோ பெயரோடு தந்தை வழிப் பெயரும் சேர்த்துக் கூப்பிட வேண்டும்: இவான் பெத்ரோவிச், அதாவது பெத்ரின் மகன் இவான். நம் இனிஷியலை விரித்துச் சொன்னது போல. செர்பியாவில் அதே பெத்ரோவிச் குடும்பப் பெயர். அங்கே ஆணை 'கொஸ்போதினே பெத்ரோவிச்சு' என்று விளியில் கூப்பிட வேண்டும், பெண்ணை 'கொஸ்போஜோ பெத்ரோவிச்' என்று, குடும்பப் பெயரைத் தொடாமல்.

உறவுமுறையில் செர்பியர்கள் நமக்கு நெருக்கம். ரஷ்யருக்கு அப்பாவின் தம்பியும் அம்மாவின் அண்ணனும் ஒரே 'த்யாத்யா'. செர்பியருக்கு அப்பா வழி 'ஸ்த்ரீத்ஸ்', தாய்மாமன் 'உயாக்', அவர்கள் மனைவியர் முறையே 'ஸ்த்ரினா', 'உய்னா'. ஆனால் அத்தையும் சித்தியும் ஒரே 'தெத்கா'வில் அடங்கிவிடுவார்கள். சித்தப்பா மகனை 'பிராத்', சகோதரன், என்றே சொல்வார்கள்.

எட்டாம் படி: மேசையில் உட்கார்ந்து பழகுவது

பயிற்சிக்கு உணவகப் பட்டியலைவிட நல்ல பாடநூல் இல்லை. ரொட்டி, தண்ணீர், பாலாடைக்கட்டி, தேநீர் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று: ஹ்லேப், வதா/வொதா, ஸிர், ச்சாய். 'இறைச்சி இல்லாமல்' ரஷ்யத்தில் 'பிஸ் மியாஸ', செர்பியத்தில் 'பெஸ் மேஸா'. சைவம் சாப்பிடுகிறவர்கள் இன்னொரு சொல்லையும் பிடித்துவையுங்கள்: நோன்பு உணவுக்கு ரஷ்யத்தில் 'போஸ்னி', செர்பியத்தில் 'போஸ்னோ'. இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் மீன் இருக்கலாம், எனவே 'பெஸ் ரிபே' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அன்றாட உபசாரச் சொற்களில்தான் கணக்கு உதவாது: நன்றி 'ஸ்பஸீப', 'ஹ்வாலா', தயவுசெய்து 'பஷாலுஸ்த', 'மோலிம்'. செர்பியர் தொலைபேசியை எடுக்கும்போதும், நீங்கள் சொன்னது கேட்காதபோதும் அதே 'மோலிம்'தான்.

அடுத்து, ஒரே செய்தியை இரண்டு மொழியிலும் படியுங்கள். செர்பிய விக்கிப்பீடியாவில் சிரிலிக், லத்தீன் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. ஒரு பத்தியை ஒரு எழுத்தில் படித்து மற்றதில் சரிபாருங்கள். காதுக்கு, வானிலை அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வரும்.

செர்பியம் ஓரளவு வந்ததும் எல்லை தாண்டிப் பயன்படுத்தத் தோன்றும். குரோவாசியாவின் ஸாக்ரெப், பொஸ்னியாவின் சாராயேவோ, மொண்டெனேக்ரோவின் பொத்கோரித்ஸா எங்கே போனாலும் நீங்கள் பேசுவது புரியும். யூகோஸ்லாவியா இருந்தபோது இவற்றையெல்லாம் சேர்த்து செர்போ-குரோவாசியம் என்பார்கள். பால் அங்கெல்லாம் பெரும்பாலும் 'ம்லியேகோ', நதி 'ரியேகா' என்று இயே சேர்ந்து ஒலிக்கும், அவ்வளவுதான். ஆனால் அங்கே போய் 'நீங்கள் பேசுவது செர்பியம்தானே' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தந்த நாட்டில் அந்தந்தப் பெயர். சந்தேகமாக இருந்தால் உள்ளூர்க்காரர்களே செய்வது போல 'நாஷ் யெஸிக்', நம்ம மொழி, என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.